எச்.ஐ.வி.யை எதிர்த்து நின்ற பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பதினான்கு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். இப்போது உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினால் கல்லூரிகளிலும் செவிலியர் பள்ளிகளிலும் பேசக் கூப்பிடுகிறார்கள். நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதைச் சொல்லி முடித்த பிறகு, இந்த நோயை எதிர்த்து வேலை செய்த பெண்களைப் பற்றிப் பேசத் தொடங்குவேன். அப்போதுதான் கைகள் உயரும்.

ஊர் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதி, என்னால் முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

1. எச்.ஐ.வி. என்றாலும் எய்ட்ஸ் என்றாலும் ஒன்றுதானே?

இல்லை. எச்.ஐ.வி. என்பது வைரஸ். அது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைப் பல ஆண்டுகள் அரித்து, வேறு நோய்கள் எளிதில் தாக்கும் நிலைக்குக் கொண்டு போய்விட்டால் அந்த நிலைக்குப் பெயர் எய்ட்ஸ். இன்று வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறவர் அந்த நிலைக்குப் போகாமலே முழு ஆயுள் வாழலாம். பரிசோதனையில் தெரியாத அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவாது.

2. இப்படி ஒரு நோய் வந்திருக்கிறது என்று முதலில் கவனித்தது யார்? ஏதாவது பெரிய டாக்டரா?

பல மருத்துவர்கள் தனித்தனியாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒருவர் மருத்துவரே அல்ல. சாண்ட்ரா ஃபோர்ட் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் மருந்துப் பிரிவு ஊழியராக இருந்தார். கடைகளில் கிடைக்காத சில அரிய மருந்துகளை, மருத்துவர்கள் கேட்கும்போது அனுப்பி வைப்பது அவருடைய வேலை. அவற்றில் ஒன்று பென்டாமிடின். புற்றுநோய் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பு சக்தி இழந்தவர்களுக்கு வரும் ஒருவகை நிமோனியாவுக்கான மருந்து அது.

1981 தொடக்கத்தில் எதிர்ப்பு சக்தி குறைய எந்தக் காரணமும் இல்லாத இளைஞர்களுக்காக அந்த மருந்தைக் கேட்டார்கள். கேட்ட மருத்துவர்களே மீண்டும் மீண்டும் கேட்டார்கள். வந்த சீட்டுக்கு மருந்தை அனுப்பிவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் தன் மேலதிகாரிக்கு எழுதினார். லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்ததை அதே மையம் 1981 ஜூன் 5 அன்று வெளியிட்டது. எய்ட்ஸ் வரலாறு அந்த அறிக்கையிலிருந்துதான் எழுதப்படுகிறது. பதிவேட்டை ஒழுங்காகப் பார்த்த ஒரு பெண்ணிடமிருந்தும் அதைத் தொடங்கலாம் என்பேன்.

3. வைரஸைக் கண்டுபிடித்தது ஆண்கள்தானே? எங்கள் புத்தகத்தில் இரண்டு ஆண்களின் பெயர்தான் இருந்தது.

பிரான்சின் லூக் மோந்தானியே, அமெரிக்காவின் ராபர்ட் காலோ இருவரின் பெயர்களும் நீண்ட காலம் சேர்ந்தே அடிபட்டதற்குக் காரணம், கண்டுபிடிப்பின் உரிமை பற்றி இரண்டு நாடுகளுக்கும் இடையே நடந்த சண்டை. ஆய்வு மேசையில் இருந்தவர் பிரான்சுவாஸ் பாரே-சினூசி. பாரிஸின் பாஸ்தர் நிறுவனத்தில், 1983 ஜனவரியில், ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, சில நாட்களுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டிருந்தார். ரெட்ரோவைரஸ் என்ற வகை வைரஸ் இருந்தால் மட்டுமே தென்படும் ஒரு நொதியின் செயல் தெரிந்தது. தெரிந்த கையோடு செல்கள் சாகவும் தொடங்கின. செல்கள் செத்தால் வைரஸும் கைவிட்டுப் போய்விடும். ரத்த வங்கியிலிருந்து புதிய வெள்ளணுக்களை வாங்கி வந்து சேர்த்தார்கள். வைரஸ் அவற்றுக்குள் புகுந்து பெருகியது.

1983 மே மாதம் வெளியான அந்தக் கட்டுரையில் முதல் பெயர் பாரே-சினூசியுடையது. மொத்தம் 12 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். இதைச் சொல்லும்போது அரங்கில் ஒரு சலசலப்பு எழுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். 2008இல் பாரே-சினூசிக்கும் மோந்தானியேவுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. செய்தி எட்டியபோது அவர் கம்போடியாவில் வேலையாக இருந்தார்.

காலோவின் ஆய்வகத்திலும் ஒரு பெண் இருந்தார். சீனாவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த ஃபிளாஸி வாங்-ஸ்டால். எச்.ஐ.வி.யை முதன்முதலில் குளோன் செய்து, அதாவது அதன் மரபணுக்களைப் பிரித்து நகலெடுத்து, அதன் மரபணு வரைபடத்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர் அவர். 2020இல் காலமானார்.

4. இந்தியாவில் முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் சுனிதி சாலமன்தானே? நடுவில் நிர்மலா என்று ஒரு பெயர் சொல்கிறீர்களே, அது யார்?

செல்லப்பன் நிர்மலா 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. வயது 32. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், ‘எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பாரேன்’ என்ற யோசனையைக் கொடுத்தார். அது வெளிநாட்டு நோய், நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று நாடே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நிர்மலாவுக்கே தயக்கம் இருந்தது. கணவர் வீரப்பன் ராமமூர்த்திதான் செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தினார்.

சென்னையில் மும்பையைப் போலப் பாலியல் தொழிலுக்கென்று தனித் தெருக்கள் இல்லை. அரசுப் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்துத்தான் நிர்மலா விஷயம் தெரிந்துகொண்டார். காவல்துறை பிடித்த பெண்களை அடைத்து வைக்கும் காப்பகம் பற்றி அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. அங்கே போய், மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேர்த்தார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்புச் சாதனமும் கிடையாது. சுனிதி ஏற்பாடு செய்த சிறிய ஆய்வகத்தில் ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்தார். வைக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

ரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறியும் எலிசா பரிசோதனைக்குச் சென்னையில் அப்போது வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் ஜான் செய்துதர முன்வந்தார். 1986 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ரயில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் போனார்கள். காலை எட்டரைக்குப் பரிசோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் போய்விட்டதால் எல்லோரும் தேநீருக்குக் கலைந்தார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தால், தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் சில மஞ்சளாக மாறியிருந்தன. நிறம் மாறினால் எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள் அந்த ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். ஆறு குழிகள், ஆறு பெண்கள்.

மறுபடியும் ரத்தம் எடுத்து, மாதிரிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டன. வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் அதையே உறுதி செய்தது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டை முடித்தார். பிறகு கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2010இல் ஓய்வு பெற்றார். அந்த ஆறு குழிகளைப் பார்த்து முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகுதான் பத்திரிகைகள் அவர் வீட்டைத் தேடிப் போயின.

5. அப்படியானால் மாணவியின் உழைப்பை ஆசிரியர் தனதாக்கிக்கொண்டார் என்று அர்த்தமா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒருவரைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவரைக் கீழே இறக்குகிறார்கள். எங்கே தேட வேண்டும் என்ற யோசனை சுனிதியுடையது. தேடிப் போன கால்கள் நிர்மலாவுடையவை. மறந்துபோனது பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும்தான். ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு முகம் போதும் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

சுனிதியின் பங்கும் அந்த ஆறு முடிவுகளோடு நின்றுவிடவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தொட்டுப் பார்க்கவே மருத்துவர்கள் அஞ்சிய நாட்களில் அவர்களுக்குச் சிகிச்சை தரத் தொடங்கினார். அரசு வேலையிலிருந்து வெளியே வந்து, 1993இல் தன் தந்தை ஒய்.ஆர். காய்டோண்டே பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைச் சென்னையில் தொடங்கினார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குள்ளேயே பெண் பார்த்து, மாப்பிள்ளை பார்த்துத் திருமணமும் செய்து வைத்தார். 2015இல் காலமானார். பத்மஸ்ரீ விருது அவருடைய மறைவுக்குப் பிறகு, 2017இல் வந்தது.

6. அந்த ஆறு பெண்கள் யார்? அவர்களிடம் சொல்லித்தான் ரத்தம் எடுத்தார்களா?

அவர்களுடைய பெயர்கள் வெளியிடப்படவில்லை, வெளியிடவும் கூடாது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. நிர்மலாவே இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைய ஆய்வு நெறிகளின்படி அது தவறு. கதையின் இந்தப் பகுதியை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. இந்திய எச்.ஐ.வி. வரலாற்றின் முதல் பங்களிப்பு, அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து, அவர்கள் அறியாமலே பெறப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும், எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தமிழ்நாட்டுக் காப்பகங்களிலிருந்து வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் இதைத் தெரிந்துகொண்டு, எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் அந்தப் பெண்கள் விடுதலையானார்கள். பிறகு அவர் தொடங்கிய ‘சியாப்’ என்ற தென்னிந்திய எய்ட்ஸ் செயல்பாட்டு அமைப்பு, பாலியல் தொழிலாளர்களோடு வேலை செய்தது. ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது.

7. வெறுமனே ரத்தம் கொடுத்ததும் மருந்துச் சோதனைக்கு ஒப்புக்கொண்டதும் பங்களிப்பு ஆகுமா?

ஆகும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் எச்.ஐ.வி. உள்ள 477 கர்ப்பிணிகள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். சிலருக்கு ஏ.இசட்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்து, சிலருக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த நிச்சயமின்மைக்கு ஒப்புக்கொள்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது மருந்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று 1994இல் தெரிந்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, தேவையானால் மருந்து கொடுத்து, குழந்தையைத் தொற்றில்லாமல் பெற்றெடுக்க வைக்க முடிகிறதென்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

முந்தைய பதிலில் சொன்ன ஆறு பெண்களுக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இவர்களிடம் சொன்னார்கள், கேட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள்.

8. ஏ.இசட்.டி. என்றீர்களே, அந்த முதல் மருந்தில் பெண்களின் பங்கு உண்டா?

உண்டு. அந்த வேதிப்பொருளை 1964இலேயே புற்றுநோய்க்காக உருவாக்கிவிட்டார்கள். பயன்படவில்லை என்று ஒதுக்கியும்விட்டார்கள். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜேனட் ரைட்அவுட், எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்துப் பார்க்க 1984இல் தேர்ந்தெடுத்தவற்றில் அதுவும் இருந்தது. 1987 மார்ச்சில் அது எய்ட்சுக்கான முதல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. எய்ட்சுக்கு இதைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமையில் உள்ள ஐந்து பெயர்களில் மூன்று பெண்களுடையவை: ஜேனட் ரைட்அவுட், மார்த்தா செயின்ட் கிளேர், சாண்ட்ரா லேர்மன்.

9. ஆரம்பத்தில் இது ஆண்களின் நோயாகத்தானே இருந்தது? பெண்கள் பிறகுதானே வந்தார்கள்?

பெண்கள் முதலிலிருந்தே இருந்தார்கள். கணக்கில்தான் இல்லை. அமெரிக்காவில் எய்ட்ஸ் என்று யாரைச் சொல்லலாம் என்பதற்கு அரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது. இன்னின்ன நோய்கள் சேர்ந்தால்தான் எய்ட்ஸ். பட்டியல் பெரும்பாலும் ஆண் நோயாளிகளைப் பார்த்துத் தயாரானது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவை அதில் இல்லை. எய்ட்ஸ் என்ற பெயர் கிடைக்காவிட்டால் அரசு உதவித்தொகையும் எளிதில் கிடைக்காது. ‘பெண்களுக்கு எய்ட்ஸ் வருவதில்லை, அந்த நோயால் செத்து மட்டும் போகிறார்கள்’ என்ற முழக்கம் அப்போது எழுந்ததுதான்.

இந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற காத்ரீனா ஹாஸ்லிப்பை நான் எந்தக் கூட்டத்திலும் விடாமல் சொல்வேன். நியூயார்க் மாநிலத்தில் பெட்ஃபோர்டு ஹில்ஸ் பெண்கள் சிறையில் கைதியாக இருந்தபோது, எச்.ஐ.வி. உள்ள சக கைதிகளுக்காக மற்றப் பெண்களோடு சேர்ந்து ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தவர். விடுதலையான பிறகு, வழக்கறிஞர் தெரசா மெக்கவர்ன் தொடுத்த வழக்கிலும் தெருப் போராட்டங்களிலும் துணை நின்றார். பட்டியல் திருத்தப்பட்டு, கருப்பைவாய்ப் புற்றுநோயும் சேர்க்கப்பட்டு, 1993 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஹாஸ்லிப் 1992 டிசம்பர் 2 அன்றே இறந்துவிட்டார்.

10. பாலியல் தொழிலாளர்களால்தானே நோய் பரவியது? அவர்கள் தடுத்தார்கள் என்று நீங்கள் சொல்வது எப்படிச் சரி?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆணுறை போட மறுக்கும் வாடிக்கையாளரை ஒரு பெண் திருப்பி அனுப்பினால் அவர் அடுத்த கதவைத் தட்டுவார். இவளுக்கு அன்றைய வருமானம் போகும். நோய் மட்டும் அடுத்த அறைக்கு நகரும். தெருவில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் ஒரே பதிலைச் சொன்னால்தான் அவருக்கு வேறு வழி இருக்காது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டத்தில், இந்தப் பதிலை வீடு வீடாகக் கொண்டு போனவர்கள் அங்கேயே தொழில் செய்த பெண்கள். 1995இல் அவர்கள் துர்பார் என்ற சங்கத்தை அமைத்தார்கள். வட்டிக்காரனிடம் சிக்காமல் இருக்கத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்கள். கையில் சேமிப்பு இருக்கிற பெண்ணால்தான் ‘முடியாது’ என்று சொல்ல முடியும். மகாராஷ்டிரத்தின் சாங்லியில் மீனா சேஷுவின் சங்கிராம் அமைப்பும், அதிலிருந்து 1996இல் பாலியல் தொழிலாளர்களே அமைத்துக்கொண்ட ‘வாம்ப்’ கூட்டமைப்பும் இதே பாதையில் நடந்தன.

ஊருக்கு ஊர் ஆணுறை பற்றிப் பேசக் கூச்சப்பட்ட காலத்தில், அதை மாலை நேரத்துத் தெருவில் நின்று பேசியவர்கள் இவர்கள். தடுப்பு வேலை என்றால் இதுதான்.

11. குடும்பப் பெண்கள் என்ன செய்தார்கள்?

‘குடும்பப் பெண்கள்’ என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேள்வி புரிகிறது, எனவே சொல்கிறேன். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ள பெண்களில் மிகப் பலர் திருமண உறவில், கணவன் மூலம் தொற்றைப் பெற்றவர்கள். ஆனால் கர்ப்பத்தின்போது ரத்தப் பரிசோதனை பெண்ணுக்குத்தான் முதலில் நடக்கும். அதனால் நோயைக் கொண்டுவந்தவள் என்ற பழியும் அவள் மீதே முதலில் விழும். பிறந்த வீட்டுக்கும் போக முடியாமல், புகுந்த வீட்டிலும் இருக்க முடியாமல், என் மேசைக்கு முன்னால் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா அப்படிக் கணவர் மூலம் தொற்றுக்கு ஆளாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1998இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். சொத்து, விதவை உதவித்தொகை, குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது என்று, மருந்துச் சீட்டில் எழுத முடியாத பிரச்சினைகளையெல்லாம் அவர்கள் கையில் எடுத்தார்கள். எய்ட்ஸ் கூட்டங்களில் பெண்களுக்காக மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் போய், பாதிக்கப்பட்டவரே ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியது எங்கள் துறையில் பெரிய திருப்பம்.

12. ஆப்பிரிக்காவில்தானே பாதிப்பு அதிகம்? அங்கே யாராவது?

ஏராளமானவர்கள். உகாண்டாவின் நோரீன் கலீபா ஒரு பிசியோதெரபிஸ்ட். கணவர் பிரிட்டனில் படிக்கப்போன இடத்தில் எய்ட்ஸ் நோயால் விழுந்து, 1987 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு, தங்களைப் போல அடிபட்ட சிலரைச் சேர்த்துக்கொண்டு, கம்பாலாவில் டாசோ என்ற உதவி அமைப்பைத் தொடங்கினார் நோரீன். மருந்தே இல்லாத நாட்களில் அவர்கள் கொடுத்தது வீட்டுக்கு வந்து பார்க்கும் கவனிப்பு, சாப்பாடு, பேச்சு. பின்னாளில் ஆப்பிரிக்காவின் பெரிய எய்ட்ஸ் சேவை அமைப்புகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் அருகே குவாமாஷுவில் வாழ்ந்த குகு லாமினி, 1998 டிசம்பரில், உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் அக்கம்பக்கத்து ஆட்களே அவரை அடித்துக் கொன்றார்கள். ‘வெளியே சொன்னால் என்ன?’ என்று எளிதாகக் கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயரைத்தான் சொல்வேன்.

13. செவிலியர்களும் ஆலோசகர்களும் சம்பளத்துக்குத்தானே வேலை பார்த்தார்கள்?

சம்பளம் வாங்கினோம், உண்மை. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது, நாடு முழுவதும் எட்டே மருத்துவமனைகளில்தான் அது கிடைத்தது. தாம்பரம் அவற்றில் ஒன்று. அதற்கு முன்பு முடிவைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பவரிடம் கொடுக்க எங்கள் கையில் அதிகம் எதுவும் இருக்கவில்லை. பிணவறைக்கு வெளியே உறவினர்கள் தள்ளி நிற்க, எங்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மா, ‘எம்புள்ளைக்குச் செய்யமாட்டேனா’ என்று சொல்லி, இறந்த பையனின் முகத்தைத் துடைத்து, தலை வாரிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை எந்தச் சம்பளப் பட்டியலிலும் வராது.

மருந்து வந்த பிறகு வேறு விதமான வேலை. மாத்திரைப் புட்டி பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் போட்டால் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பாரே என்ற பயத்தில் மருந்தையே விட்டவர்கள் உண்டு. புட்டிக்குள் பஞ்சு அடைத்துக்கொள்ளும் வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மருத்துவர் அல்ல. ஏழு ஆண்டுகளாக அரிசி டப்பாவுக்குள் மாத்திரையை மறைத்து வைத்துச் சாப்பிட்டுவந்த ஒரு பெண். நான் அதை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

14. திருநங்கைகளையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

நிச்சயமாக. சென்னையில் நூரி அம்மா என்று எல்லோரும் அழைக்கும் நூரி, தானே எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்துகொண்டு, எச்.ஐ.வி.யோடு பிறந்து ஆதரவிழந்த குழந்தைகளை எடுத்து வளர்த்துவருகிறார். பெற்றவர்கள் இறந்து, உறவினர் கைவிட்ட பிள்ளைகளுக்கு அவர் வீடு வீடானது.

15. பெண்கள் யாரையும் கெஞ்சாமல் தங்களைத் தாங்களே பாதுகாத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

இதைத்தான் தென்னாப்பிரிக்க நோய்ப்பரவல் நிபுணர் குரைஷா அப்துல் கரீம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். ஆணுறை ஆணின் சம்மதத்தைப் பொறுத்தது. பெண் கையிலேயே இருக்கும் ஒன்று வேண்டும். டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த களிம்பை 889 பெண்களிடம் சோதித்துப் பார்த்த அவருடைய குழுவின் ஆய்வு, தொற்று 39 சதவீதம் குறைந்ததாக 2010இல் காட்டியது. வியன்னாவில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் அரங்கமே எழுந்து நின்றது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. பல இளம்பெண்களால் அதைத் தவறாமல் பயன்படுத்த முடியாததே முக்கியக் காரணம். ஆனால் கேள்வி செத்துப்போகவில்லை. பெண்ணுறுப்புக்குள் வைத்து மாதம் ஒருமுறை மாற்றும், டாபிவிரின் மருந்து கலந்த வளையத்தை 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

2024இல் வந்த செய்தியைப் படித்தபோது நான் அழுதுவிட்டேன். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம், ஆண்டுக்கு இரண்டே ஊசியாகப் போடும் லெனகாபவிர் மருந்தைச் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. முடிவுகளை உலக மாநாட்டில் அறிவித்தவர் கேப் டவுனின் டாக்டர் லிண்டா-கெய்ல் பெக்கர். கர்ப்பமானாலும் விலக்கிவிடாமல், விரும்பியவர்களை ஆய்வில் தொடர அனுமதித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். 9ஆம் கேள்வியில் சொன்ன காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

16. ஆண்கள் ஒன்றும் செய்யவில்லையா? ஒருதலையாகப் பேசுகிறீர்களே.

செய்தார்கள். ஜேக்கப் ஜான் இல்லாமல் நிர்மலாவின் மாதிரிகள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே இருந்திருக்கும். ஸ்மரஜித் ஜானா இல்லாமல் சோனாகாச்சித் திட்டம் இல்லை. தங்கள் நண்பர்களைப் புதைத்துக்கொண்டே மருந்துக்காகத் தெருவில் இறங்கிய அமெரிக்காவின் தன்பாலின ஈர்ப்புடைய ஆண்கள் இல்லாமல் இன்றைய மருந்துகள் இவ்வளவு விரைவில் வந்திருக்காது. அந்த ஆண்கள் ரத்த தானம் செய்யக் கூடாது என்று விலக்கப்பட்டபோது, அவர்களுக்கு ரத்தத் தட்டுப்பாடு வரக் கூடாது என்று சான் டியாகோவின் லெஸ்பியன் பெண்கள் 1983இல் முகாம் நடத்தி வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். ஆண்களின் கதையை ஓரளவு எழுதிவிட்டார்கள். வரிசையில் நின்ற பெண்களின் கதை பாக்கி இருந்ததால் அதைப் பேசுகிறேன்.

17. எங்கள் ஊரிலேயே இப்படி வேலை செய்த ஓர் அக்கா இருக்கிறார். கல்லூரி இதழில் அவரைப் பற்றி எழுதலாமா?

எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவருடைய சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஒரு மேடையில் சொன்னார் என்பதற்காக எல்லா இடத்திலும் சொல்லச் சம்மதித்தார் என்று ஆகாது. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பெயர், ஊர், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு மனம் மாறி வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

போன ஆண்டு ஒரு மாணவி இப்படித்தான் தன் கட்டுரையை ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டினாள். மருந்தை நிறுத்திவிட்டவர்களின் வீட்டுக்கு நடந்தே போய், பேசி, மையத்துக்கு மீண்டும் அழைத்து வருவது அந்த அம்மாவின் வேலை. அவர் தன் பெயரை அடிக்கச் சொன்னார். தெருப் பெயரையும் அடிக்கச் சொன்னார். பிறகு சற்று யோசித்து, ‘பதினோரு பேரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், அதை மட்டும் அடிக்காதே’ என்றார்.